பாலிமர் லேபுக்குள் காலை வைக்கும் முன்

நெட் ரிசல்ட் வந்தால் போதும், எனக்கு போன் வர ஆரம்பித்துவிடும். "அண்ணா, நான் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி. பாலிமர் குரூப்ல பிஎச்.டி. சேரலாமா? ஸ்கோப் இருக்கா?" கேட்பவர்கள் எங்கள் கல்லூரி ஜூனியர்கள், அவர்களுடைய தம்பி தங்கைகள், ஒருமுறை ஒரு பையனின் அப்பா. எல்லோரிடமும் ஒரே கதையைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. எழுதி வைத்துவிட்டால் இனிமேல் லிங்க் அனுப்பிவிட்டுச் சும்மா இருக்கலாம் என்பதுதான் இந்தப் பதிவின் உண்மையான நோக்கம்.

அந்த 'ஸ்கோப்' கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இருக்கிறது. சென்னையைச் சுற்றி மட்டும் பாருங்கள். திருவொற்றியூரில் எம்.ஆர்.எஃப்., ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூரில் ஜே.கே. என்று டயர் கம்பெனிகளே வரிசையாக நிற்கின்றன. கிண்டியில் சிப்பெட், அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம். பெயிண்ட், பசை, கேபிள் உறை, டயாலிசிஸ் சவ்வு, கான்டாக்ட் லென்ஸ் எல்லாமே பாலிமர்தான். படித்து முடித்தவனுக்கு வேலை கிடைக்கும்.

முடிப்பதில்தான் சிக்கல். எனக்குத் தெரிந்து பிஎச்.டி.யைப் பாதியில் விட்ட யாரும் பாலிமருக்கு ஸ்கோப் இல்லை என்று விடவில்லை. தலைப்பு பிடிக்கவில்லை என்றுகூட விடவில்லை. சேர்ந்த குரூப் சரியில்லை என்றுதான் விட்டார்கள். ஆனால் போன் செய்கிறவர்கள் எல்லோரும் தலைப்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள். "சார் ட்ரக் டெலிவரி பண்றாராம், நல்லா இருக்குமா?" நல்லாத்தான் இருக்கும். சார் எப்படி, லேப் எப்படி, சீனியர் எப்படி என்று கேட்டாயா தம்பி?

பாலிமர் குரூப் என்பது ஒரே வகை இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். போர்டில் எல்லா இடத்திலும் 'பாலிமர் சயின்ஸ்' என்றுதான் எழுதியிருக்கும். உள்ளே நடப்பது வேறு வேறு. சில குரூப்பில் மூலக்கூறைப் புதிதாகச் செய்வார்கள். ஃப்யூம் ஹூடும் ஷ்லெங்க் லைனும்தான் அங்கே வாழ்க்கை. சில குரூப்பில் யாரோ செய்து கொடுத்ததை அளப்பார்கள். ரியோமீட்டர், ஒளிச்சிதறல், எக்ஸ்ரே என்று இருட்டறையில் பொழுது போகும். சில குரூப்பில் ரப்பரையும் கார்பன் பிளாக்கையும் மில்லில் போட்டு அரைத்து, அச்சில் அழுத்தி, இழுத்துப் பார்த்து எங்கே அறுகிறது என்று குறித்துக்கொள்வார்கள். இன்னும் சில இடங்களில் சோதனைக்குடுவையே கிடையாது, கம்ப்யூட்டர் மட்டும்தான். நீங்கள் இதில் எந்த ஜாதி மனுஷன் என்று தெரியாமல் மெயில் போடாதீர்கள். ஆர்கானிக் பிராக்டிக்கலில் ரீகிரிஸ்டலைசேஷன் செய்யும்போது நேரம் போவதே தெரியாமல் இருந்தவரா? முதல் வகைக்குப் போங்கள். கணக்கு வந்தால் முகம் மலருமா? இரண்டாவது அல்லது கடைசி. வேலைக்குச் சீக்கிரம் போகவேண்டும், டயர் கம்பெனிதான் இலக்கு என்றால் மூன்றாவது. அதற்கு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்குத் தனித் துறையே இருக்கிறது.

நான் முதல் வகையில் போய் விழுந்தேன். விழுந்ததற்குக் காரணம் எங்கள் ஊர். குலசேகரம் பக்கம் அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. விடியும் முன் மரத்தில் வெட்டுப் போடுவது, சிரட்டையில் பால் எடுப்பது, டிஷ்ஷில் ஊற்றி ஃபார்மிக் ஆசிட் விட்டு உறையவைப்பது, ரோலரில் ஷீட் அடித்துப் புகைப்புரையில் தொங்கவிடுவது, ஒட்டுப்பாலைத் தனியாகப் பொறுக்குவது எல்லாம் பள்ளிக்கூடம் போகும் முன்பே கை அறிந்த வேலைகள். அது பாலிமர் என்று தெரிந்தது எம்.எஸ்சி.யில்தான்.

நேர்முகத் தேர்வில் மேடம் (எங்கள் கைடை இந்தப் பதிவு முழுக்க அப்படித்தான் சொல்லப்போகிறேன்) என் சொந்த ஊரைக் கேட்டுவிட்டு உடனே அங்கேயே பிடித்தார்.

"ஆசிட் விட்டா ஏன் பால் உறையுது?"

"துகள் மேல நெகட்டிவ் சார்ஜ் இருக்கு மேடம். அதனால ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டு மிதக்கும். ஆசிட் அந்தச் சார்ஜை எடுத்துரும்."

"ஆசிட் விடாம வச்சிருந்தா?"

"காலையில எடுத்த பால் ராத்திரிக்குள்ள தானே கட்டியாயிரும். நாறும். அதுக்குத்தான் அமோனியா ஊத்துவாங்க."

"எவ்வளவு நாறும்?"

"ரூமுக்குள்ள இருக்க முடியாது மேடம்."

குழுவில் இருந்த வெளி நிபுணர் சிரித்துவிட்டார். மேடம் சிரிக்கவில்லை. "கையால தொட்ட பாலிமரைப் பத்திப் பேசுற பையன் இன்னிக்கு நீ ஒருத்தன்தான்" என்றார். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நேர்முகத்தில் போய் அழகான வரையறைகளை ஒப்பிப்பதைவிட, உங்கள் கை பட்ட ஒரு பொருளைப் பற்றித் தெளிவாகப் பேசுவது எடுபடும். எல்லார் வீட்டிலும் ரப்பர் மரம் இருக்காது. ஃபெவிகால் இருக்கும், சைக்கிள் டியூப் இருக்கும், பிளாஸ்டிக் குடம் வெயிலில் கிடந்து வெடித்த அனுபவம் இருக்கும்.

ரப்பரைப் பற்றிப் பேசும்போது ஸ்டௌடிங்கரைச் சொல்லாமல் போனால் சாபம் விழும். ஹெர்மன் ஸ்டௌடிங்கர் 1920-ல் ஒரு கட்டுரை எழுதினார். ரப்பர் போன்ற பொருட்கள் ஆயிரக்கணக்கான அணுக்கள் சாதாரண கோவேலன்ட் பிணைப்பால் நீளமாகக் கோத்த ஒரே மூலக்கூறு என்றார். அன்றைய பெரிய தலைகள் ஒப்புக்கொள்ளவில்லை. சின்ன மூலக்கூறுகள் ஏதோ பலவீனமான ஈர்ப்பால் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான் என்றார்கள். ரப்பரில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகள்தான் அந்த ஈர்ப்புக்குக் காரணம் என்பது அவர்கள் கட்சி. ஸ்டௌடிங்கர் என்ன செய்தார் தெரியுமா? ரப்பருக்கு ஹைட்ரஜன் ஏற்றி இரட்டைப் பிணைப்புகளையே ஒழித்தார். அவர்கள் சொன்னது சரியென்றால் கும்பல் கலைந்து சின்ன மூலக்கூறுகளாக ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஹைட்ரஜன் ஏற்றிய ரப்பரும் பழைய மாதிரியே நடந்துகொண்டது. 1922-ல் இந்த வேலை வெளிவந்தது. நோபல் பரிசு கிடைத்தது 1953-ல், அவருடைய 72-வது வயதில். ஒரு எளிய சோதனை, நேர் எதிரியின் வாதத்தின் வேரிலேயே கை வைத்தது. எனக்கு இந்தத் துறையில் இன்றுவரை மிகப் பிடித்த சோதனை இதுதான்.

எம்.எஸ்சி. முடித்து வருகிறவர்களுக்கு பாலிமரில் முதல் அடி விழும் இடமும் இதை ஒட்டியதுதான். நாம் படித்த கெமிஸ்ட்ரியில் ஒரு பொருள் என்றால் ஒரு மூலக்கூறு எடை. ஆஸ்பிரின் என்றால் 180. சுத்தமாக இருக்கிறதா, உருகுநிலை சரியாக இருக்கிறதா, முடிந்தது. பாலிமரில் ஒரு குடுவைக்குள் குட்டைச் சங்கிலியும் இருக்கும், நெட்டைச் சங்கிலியும் இருக்கும். எல்லாமே அதே பொருள். அப்போது எடை என்ன? சராசரிதான். எந்தச் சராசரி?

ஒரு கணக்குப் போடுங்கள். பத்துச் சங்கிலிகள் இருக்கின்றன. ஒன்பதின் எடை தலா 10,000. ஒன்று மட்டும் 1,10,000. மொத்தம் 2,00,000, பத்தால் வகுத்தால் 20,000. இது எண்ணிக்கைச் சராசரி. இப்போது ஒவ்வொரு சங்கிலிக்கும் அதன் எடைக்கு ஏற்ற முக்கியத்துவம் கொடுத்துக் கணக்கிடுங்கள். 65,000 வரும். இது எடைச் சராசரி. ஒரே குடுவை, இரண்டு பதில், இரண்டும் சரி. 65-ஐ 20-ஆல் வகுத்தால் 3.25. இந்த விகிதம் ஒன்றுக்கு எவ்வளவு நெருங்குகிறதோ அவ்வளவு ஒழுங்கான சங்கிலிகள். உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு கெட்டியாக ஓடும் என்பதை அந்த ஒற்றை நெட்டைச் சங்கிலி போன்றவர்கள்தான் பெரிதும் தீர்மானிக்கிறார்கள். இந்தக் கணக்கைத் தாளில் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். நேர்முகத்தில் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் அடுத்த ஐந்து வருடம் அதோடுதான் குடித்தனம்.

சரி, சேரும் வழிமுறை. இது கொஞ்சம் வறட்சியான பகுதி. ஆனால் இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

சி.எஸ்.ஐ.ஆர். நெட் ஜே.ஆர்.எஃப். வாங்கியிருந்தால் உங்கள் சம்பளம் உங்கள் கையில். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து எஸ்.ஆர்.எஃப். ஆனால் 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கேட் எழுதுகிறவர்களுக்கு எக்ஸ்.இ. தாளில் பாலிமர் பிரிவே தனியாக இருக்கிறது. இவை எதுவும் இல்லாமல் ப்ராஜெக்டில் சேருகிறவர்கள் கவனியுங்கள். ப்ராஜெக்ட் வேலை வேறு, பிஎச்.டி. பதிவு வேறு. ப்ராஜெக்ட் மூன்று வருடத்தில் முடிந்துவிடும். அதற்குள் பதிவு நடக்கவில்லை என்றால் அனுபவச் சான்றிதழோடு வீட்டுக்கு வரவேண்டியதுதான். "சேர்ந்துடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லும் எந்த இடத்திலும் "எந்த செஷன்ல ரெஜிஸ்டர் பண்ணலாம் சார்?" என்று பணிவாகக் கேட்டுவிடுங்கள். பதிலில் தேதி இருக்கவேண்டும்.

இன்னொன்று. யு.ஜி.சி. 2022 விதிப்படி ஒரு பேராசிரியர் ஒரே நேரத்தில் எட்டுப் பேருக்குத்தான் கைடாக இருக்க முடியும். அசோசியேட் என்றால் ஆறு, அசிஸ்டென்ட் என்றால் நான்கு. பெரிய பேராசிரியரிடம் இடமே இல்லாமல் இருக்கலாம். அதைக் கேட்காமல் அவருக்காகவே ஒரு வருடம் காத்திருந்தவரை எனக்குத் தெரியும்.

மெயில் எழுதுவது பற்றி ஒரே ஒரு வார்த்தை. "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரெஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு ரிசர்ச்" என்று ஐம்பது பேருக்கு ஒரே மெயில் போடாதீர்கள். எங்கள் மேடம் அதை முதல் வரியிலேயே அழித்துவிடுவார். அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் புரியாத ஒரு இடத்தைக் குறிப்பிட்டு நான்கு வரி எழுதுங்கள். புரியாததைக் கேட்கிறவனுக்குப் பதில் வரும்.

பதில் வந்தால் நேரில் போங்கள். ரயில் டிக்கெட் காசு பார்க்காதீர்கள். ஐந்து வருடம் இருக்கப்போகும் இடத்தை ஒருநாள் பார்க்க முன்னூறு ரூபாய் செலவழிக்க மாட்டீர்களா? போகும் முன் சோத்கங்கா தளத்தில் அந்த கைடின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகள் பெரும்பாலும் அங்கே கிடக்கும். முடிவுரையை விடுங்கள், நன்றியுரையைப் படியுங்கள். ஒரு குரூப்பின் லட்சணம் அந்த இரண்டு பக்கத்தில் தெரிந்துவிடும். சீனியர்களுக்கும் லேப் நண்பர்களுக்கும் மனதாரச் சொன்ன நன்றிக்கும் கடமைக்குச் சொன்ன நன்றிக்கும் வித்தியாசம் உங்களுக்குத் தெரியாதா என்ன? யார் எந்த வருடம் சேர்ந்து எந்த வருடம் முடித்தார் என்பதையும் பாருங்கள். ஆறு வருட வரம்பைத் தொட்டுத் தொட்டே எல்லோரும் முடித்திருந்தால் காரணம் கேளுங்கள்.

லேபுக்குள் போனால் முதலில் விசாரிக்க வேண்டியது ஜி.பி.சி. பற்றி. பாலிமர் உலகத்தில் அதிகாரம் கைடிடம் இல்லை, ஜி.பி.சி. வைத்திருப்பவரிடம் இருக்கிறது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சங்கிலிகளை நீளவாரியாகப் பிரித்து, நான் மேலே சொன்ன இரண்டு சராசரியையும் தருவது அந்தக் கருவிதான். உள்ளே நுண்துளை மணிகள் நிரம்பிய குழாய்கள். சின்னச் சங்கிலிகள் துளைகளுக்குள் நுழைந்து சுற்றிவிட்டுத் தாமதமாக வரும், பெரியவை நுழைய முடியாமல் முதலில் வெளியே வந்துவிடும். குழாயின் விலை அதிகம். ஒருவர் சரியாக வடிகட்டாமல் சாம்பிளை ஏற்றிக் குழாயை அடைத்துவிட்டால் லேபே முடங்கும். அதனால் எல்லா லேபிலும் ஒரு சீனியர் அதற்குக் காவல் இருப்பார். எங்கள் லேபில் நாகர்கோவில் அக்கா ஒருவர். 'ஃபில்டர் பண்ணியா?' என்ற கேள்வியைத் தவிர அவர் என்னிடம் முதல் மாதம் வேறெதுவும் பேசியதாக நினைவில்லை. ஊர்க்காரன் என்ற சலுகையெல்லாம் கிடையாது.

கருவி லேபிலேயே இருக்கிறதா, இல்லை வேறு துறையில் கெஞ்சி வாங்க வேண்டுமா? பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது ஓடியது என்று பாருங்கள். மூன்று மாதமாக ஓடவில்லை என்றால் உங்கள் ஆய்வும் அந்த வேகத்தில்தான் ஓடும். என்.எம்.ஆர். போன்ற பெரிய கருவிகள் எல்லா இடத்திலும் இருக்காது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சைஃப் மாதிரி இடங்களில் காசு கட்டி எடுக்கலாம், பிரச்சினையில்லை. ஆனால் அந்தக் காசு யார் பாக்கெட்டிலிருந்து போகிறது என்பதைச் சீனியரிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து, குரூப் மீட்டிங். முடிந்தால் ஒன்றில் ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். வேலை செய்யாத ரியாக்ஷனை யாராவது திரையில் காட்டுகிறார்களா என்று மட்டும் கவனியுங்கள். எங்கள் மேடத்துக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் முதல் ஸ்லைடில் அந்த வாரம் கெட்டுப்போன சோதனையைத்தான் போடவேண்டும். முதலில் கொடுமையாக இருக்கும். கொஞ்ச நாளில், ஒருவருக்குக் கெட்டுப்போன காரணம் இன்னொருவரின் குடுவையைக் காப்பாற்றுவதைப் பார்ப்போம்.

இதற்கு நேர்மாறான இடமும் உண்டு. என் நண்பன் வேறொரு இடத்தில் இருந்தான், பெயர் வேண்டாம். அவனுடைய ஜி.பி.சி. வரைபடத்தில் பிரதான சிகரத்துக்குப் பக்கத்தில் ஒரு தோள் துருத்திக்கொண்டு நின்றது. இரண்டு சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதால் வருவது, பாடப்புத்தகத்திலேயே இருக்கும் சங்கதி. "அதை ஏன் காட்டுற? ரேஞ்சைக் குறைச்சுப் போடு" என்று அவனுக்குச் சொல்லப்பட்டது. அவன் குறைத்துப் போடவில்லை, குரூப்பை மாற்றிக்கொண்டான். இரண்டு வருடம் போனது. இப்போது நன்றாக இருக்கிறான்.

கெட்டுப்போன சோதனையைக் குப்பையில் போடாததற்கு இந்தத் துறையிலேயே பெரிய சாட்சி இருக்கிறது. டோக்கியோவில் ஷிராகாவா வேலை பார்த்த ஆய்வகத்தில் 1967-ல் அசிட்டிலீனைப் பாலிமராக்கும்போது கேட்டலிஸ்ட் அளவு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கூடிப்போனது. செய்தவர் அங்கே புதிதாக வந்திருந்த வெளிநாட்டு ஆய்வாளர். கருப்புப் பொடிக்குப் பதில் வெள்ளி போலப் பளபளக்கும் படலம் வந்தது. ஷிராகாவா அதை ஒதுக்கிவிடவில்லை. 1977-ல் மெக்டயார்மிட், ஹீகர் ஆகியோரோடு சேர்ந்து அப்படிப்பட்ட படலத்துக்கு அயோடின் ஏற்றியபோது மின்சாரத்தைக் கடத்தும் பிளாஸ்டிக் பிறந்தது. 2000-ல் மூவருக்கும் நோபல். புதுப்பையனின் கைப்பிசகைப் பார்த்து முதலில் திட்டிவிட்டுப் படலத்தைத் தூக்கிப்போடும் லேபாக அது இருந்திருந்தால்?

இன்னொரு உதாரணமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சாதாரணமாக யாரும் இதைச் சொல்வதில்லை. நைலானைக் கண்டுபிடித்த கரோத்தர்ஸின் டூபாண்ட் குழுவில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆர்கானிக் கெமிஸ்ட்கள். 1934-ல் அங்கே பால் ஃபுளோரி என்ற இளைஞர் பிஎச்.டி. முடித்த கையோடு வந்து சேர்ந்தார். அவர் பிசிக்கல் கெமிஸ்ட். பாலிமரே படித்ததில்லை. சங்கிலிகளின் நீளம் எப்படிப் பரவியிருக்கும் என்ற கணக்கை அவர் எடுத்துக்கொண்டார். 1936-ல் வந்த அவருடைய கட்டுரையில் இருக்கும் பரவல்தான் இன்றும் நாம் படிப்பது. 1974-ல் நோபல். செய்கிறவர்கள் நிறைந்த இடத்தில் கணக்குப் போடுகிறவன் ஒருவன் வந்ததால் கிடைத்த பலன் இது. ஆகவே நீங்கள் பிசிக்ஸ் படித்தவராக இருந்தால், 'கெமிஸ்ட்ரி குரூப்புக்கு நான் எப்படி' என்று தயங்கவேண்டாம். பல வகை ஆட்கள் இருக்கும் குரூப் கிடைத்தால் விடாதீர்கள்.

சேர்ந்த பிறகு என்ன நடக்கும்? ஆராய்ச்சி நடக்காது. பாத்திரம் கழுவுவீர்கள். பேஸ் பாத்தில் ஊறிய குடுவைகளை எடுத்துக் கழுவி ஓவனில் காயவைப்பது, சீனியருக்கு லிக்விட் நைட்ரஜன் பிடித்துவருவது, ஸ்டைரீனை அலுமினா வழியாக வடித்து அதில் போட்டிருக்கும் தடுப்பானை நீக்குவது. அந்தத் தடுப்பான் இல்லையென்றால் ஸ்டைரீன் டின்னுக்குள்ளேயே மெல்ல மெல்லக் கட்டியாகிவிடும் என்பதால் கம்பெனியே கலந்து அனுப்புகிறது. பிறகு குடுவையை லிக்விட் நைட்ரஜனில் முக்கி உறையவைத்து, வேக்குவம் இழுத்து, மூடி, உருகவிட்டு, குமிழி வருகிறதா பார்த்து, மறுபடியும் அதே. ஆக்ஸிஜன் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் ராடிக்கல் ரியாக்ஷன் தொடங்காமல் மக்கர் பண்ணும். இத்தனையும் முடிந்து, கெட்டியான கரைசலைக் குளிர்ந்த மெத்தனாலில் சொட்டுச் சொட்டாக விடும்போது வெள்ளை வெளேரென்று பஞ்சு மிட்டாய் மாதிரி திரண்டு வரும். அந்த ஒரு நிமிஷத்துக்காக மற்றதையெல்லாம் சகித்துக்கொள்ளலாம். அது தரமானதா என்பது ஜி.பி.சி. அக்கா சொல்லும்வரை தெரியாது, அது வேறு.

பாதுகாப்பு பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. ஆனால் இரண்டு விஷயம் சொல்லாமல் விடமுடியாது. லிக்விட் நைட்ரஜனில் முக்கிய குடுவையைத் திறந்து வைத்தால் காற்றிலிருக்கும் ஆக்ஸிஜன் திரவமாகி உள்ளே சேரும். இளநீலமாக ஏதாவது தெரிந்தால் தொடாதீர்கள், கத்திக்கொண்டு சீனியரைக் கூப்பிடுங்கள். இரண்டாவது, 2008 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் நடந்தது. சேர்ந்து சில மாதமே ஆன ஆராய்ச்சி உதவியாளர் ஒருவர் டெர்ட்-பியூட்டைல் லித்தியத்தை சிரிஞ்சில் எடுத்தபோது சிரிஞ்சின் தண்டு கழன்று, காற்றுப் பட்டதும் ரசாயனம் தீப்பற்றிக்கொண்டது. அவர் லேப் கோட் போட்டிருக்கவில்லை. செயற்கை இழை ஸ்வெட்டர் எரிந்தது. அடுத்த மாதம் இறந்துபோனார். அயனிப் பாலிமராக்கல் செய்யும் குரூப்பில் இதே குடும்பத்தைச் சேர்ந்த ரசாயனங்கள் தினசரிச் சமாச்சாரம். ஆகவே நீங்கள் பார்க்கப்போகும் லேபில் யாரும் கோட் போடவில்லை, கண்ணாடி போடவில்லை, ஆனால் கட்டுரை மட்டும் நிறைய வருகிறது என்றால் அந்தக் கட்டுரைகளைப் பார்த்து மயங்காதீர்கள்.

வீட்டில் என்ன சொல்வார்கள்? பாலிமர் என்றால் பிளாஸ்டிக் என்பார்கள். பிளாஸ்டிக் என்றால் 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தடை என்பார்கள். என் சித்தப்பா ஒரு கல்யாண வீட்டில், "தடை பண்ண சாமானத்தைப் படிக்க கவர்மென்ட் ஏம்ல பணம் கொடுக்கு?" என்று பந்தியில் வைத்தே கேட்டார். தடை ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பொருட்களுக்குத்தான், அவருக்குப் போட்ட மாற்று மூட்டிலும் பாலிஎத்திலீன் இருக்கிறது என்று சொன்னேன். அதன்பிறகு அவர் சாம்பார் கேட்டார். கேள்வி நியாயமானதுதான் என்பதையும் சொல்லவேண்டும். நாம் செய்யும் சங்கிலி வேலை முடிந்தபின் எங்கே போகும் என்று கேட்காத குரூப்பில் இனிமேல் சேருவது புத்திசாலித்தனம் இல்லை. வேலை தரும் கம்பெனிகளும் இப்போது அதைத்தான் கேட்கின்றன.

சென்னையில் இந்தத் துறைக்குப் பழைய வேர் இருக்கிறது. பேராசிரியர் சாந்தப்பா சென்னைப் பல்கலைக்கழகத்தில் பாலிமர் ஆய்வை வளர்த்தவர். பின்னால் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் அதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். கிண்டி வளாகத்தில் பாலிமர் அறிவியலுக்குத் தனித் துறை இருக்கிறது. பூனாவில் தேசிய வேதியியல் ஆய்வகம், பெங்களூரில் ஐ.ஐ.எஸ்சி. என்று வெளியேயும் நல்ல இடங்கள் உண்டு. பெயர் பெற்ற இடம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பெரிய பெயருள்ள இடத்தில் மோசமான குரூப்பும், யாரும் கேள்விப்படாத கல்லூரியில் அருமையான குரூப்பும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒரு பரிசோதனை சொல்கிறேன், இதற்குக் கருவி வேண்டாம். லேபைப் பார்க்கப் போகும் அன்று, கைடு இல்லாமல் அங்கே இருக்கும் ஸ்காலர்களோடு ஒரு டீ குடிக்க வேண்டும் என்று கேளுங்கள். நல்ல கைடு, "போ, கேண்டீன்ல உட்கார்ந்து பேசிட்டு வா" என்பார். எங்கள் மேடம் டீக்குக் காசும் கொடுத்து அனுப்பினார். அனுமதி தர மறுத்தாலோ, அனுமதி கிடைத்தும் சீனியர்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் இருந்தாலோ, தலைப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே சேராதீர்கள்.